கோடு வந்தது, கிணறு வற்றியது

2019 கோடையில் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிணற்றில் சென்சார் இறக்கி, நீர்மட்டத்தை மணிக்கொரு தடவை பதிந்து, காலை 6 மணிக்கு அதை வரைபடமாக்கி சங்கச் செயலாளருக்கு மெயில் அனுப்ப வேண்டும். வரைவது க்னூபிளாட். 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் எழுதத் தொடங்கிய நிரல். பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'நியூபிளாட்' என்ற பெயரை ஏற்கெனவே வேறொரு நிரல் வைத்திருந்ததால் சிலேடையாக இப்படி ஆக்கினார்களாம்.

அந்த ஜூன் மாதம் எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 24 அடி கொள்ளும் செம்பரம்பாக்கத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருவுக்குத் தெரு லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அப்படி ஒரு வாரத்தில்தான் துரைப்பாக்கம் செயலாளர் போன் செய்து, "அங்குலத்துல வேணாம் சார், அடியில குடுங்க, ஜனங்களுக்குப் புரியும்" என்றார். சரி, இது என்ன பெரிய வேலை என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை படத்தில் நேர்கோடு. பூஜ்ஜியத்தில். ஞாயிறும் அப்படியே. எனக்குச் சந்தேகமே வரவில்லை, செயலாளருக்கும் வரவில்லை. ஊரே வற்றிக் கிடக்கும்போது ஒரு கிணறு வற்றியதாகப் படம் சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? அவர் இரண்டு லாரி கூடுதலாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மதியம் எங்கள் களப்பணி அண்ணன் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். "சார், கயிறு விட்டுப் பாத்தேன். பதினோரு அடி தண்ணி நிக்குது. உங்க படத்துலதான் வத்திப் போச்சு."

நான் அப்போதும் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த வெயிலில் அவரை அதை மேலே தூக்கித் துடைக்கச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்புறம்தான் தரவுக் கோப்பைத் திறந்தேன். 132, 133, 131. எல்லாம் அங்குலக் கணக்கில் ஒழுங்காக இருந்தது. தப்பு என் வரியில். அங்குலத்தை அடியாக்க 1/12 என்று எழுதி, அதை அளவோடு பெருக்கியிருந்தேன். இரண்டு பக்கமும் முழு எண் இருந்தால் க்னூபிளாட் முழு எண் வகுத்தலைச் செய்து மிச்சத்தை உதறிவிடும். 1/12 என்பது அதற்கு 0. பூஜ்ஜியத்தோடு எந்தக் கிணற்றைப் பெருக்கினாலும் வற்றித்தான் போகும். 1-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும், அல்லது அளவை நேராக 12-ஆல் வகுத்திருக்கலாம். கோப்பிலிருந்து வரும் எண்ணை அது தசம எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். மற்ற தொல்லைகள் எல்லாம் கத்தும், இல்லையென்றால் முகத்தையாவது காட்டும். படத்தின் ஜன்னல் மின்னி மறைந்தால், அதைத் திறந்தே வைக்கச் சொல்லும் 'பெர்சிஸ்ட்' போட மறந்திருப்போம். மெயிலில் பூஜ்ஜியம் பைட் படம் போனால், படக்கோப்பை எழுதி மூடுவதற்கு முன்பே அதே ஸ்கிரிப்ட் (கட்டளைப் பட்டியல்) அதைத் தூக்கி அனுப்பியிருக்கும். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் ஸ்கிரிப்டுக்குள் க்னூபிளாட் கட்டளைகளை மேற்கோள் இல்லாமல் பொதிந்தால், எத்தனையாவது எண் என்று சொல்லும் டாலர் போட்ட எண்ணை ஷெல்லே விழுங்கிவிடும், க்னூபிளாட் வரியைக் காட்டித் திட்டும். இதெல்லாம் பத்து நிமிட வேலை.

கத்தாத இன்னொன்று வேளச்சேரியில் மாட்டியது. அங்கே அளவைப் பதியும் கருவி (லாகர்) வேறு. தேதி, இடைவெளி, நேரம், இடைவெளி, அளவு என்று எழுதும். புதிதாகச் சேர்ந்த பெண் பழைய ஸ்கிரிப்டையே ஓட்டினாள். அழகான ரம்பப் பல் மாதிரி ஒரு படம் வந்தது. "அண்ணா, பகல் பூரா ஊறி, கரெக்டா நடு ராத்திரி இறைச்சிடறாங்க போல" என்றாள். எந்த வாட்ச்மேன் 12 அடித்ததும் மோட்டார் போடுகிறான் என்று யோசித்தபோதுதான் பல்லின் உயரம் கண்ணில் பட்டது. 0-விலிருந்து 23. கிணற்றை அல்ல, கடிகாரத்தை வரைந்திருந்தோம். பழைய ஸ்கிரிப்ட் இரண்டாவதாக வருவதைத்தான் அளவு என்று எடுக்கும்; இங்கே இடைவெளி நடுவில் இருப்பதால் நேரமே இரண்டாவது எண்ணாகிவிட்டது. 06:00 என்பதில் 6-ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. அளவு மூன்றாவதாக இருக்கிறது என்று மாற்றியதும் பல் எல்லாம் உதிர்ந்து ஒரு சாதாரண சரிவுக் கோடு வந்தது.

அதே வாரம் தலைப்பைத் தமிழில் கேட்டார்கள். 'கொள்ளளவு' என்று போட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. க்னூபிளாட்டின் பழைய பிஎன்ஜி பட வெளியீட்டுக்கு எழுத்தைச் சேர்க்கத் தெரியாது, வந்த வரிசையிலேயே குத்தும். பிஎன்ஜிகெய்ரோ என்ற இன்னொரு வெளியீட்டுக்கு மாறி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. கொம்பு தப்பி நின்றதை ஒரு தாத்தா கண்டுபிடித்துச் சொன்னார். பூஜ்ஜியக் கோட்டை நம்பிய அதே சங்கம்தான்.

அதற்குப் பிறகு மெயிலில் படத்துக்குக் கீழே கோப்பின் கடைசி மூன்று வரிகளையும் அப்படியே ஒட்டி அனுப்ப ஆரம்பித்தேன். செயலாளர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. களப்பணி அண்ணன் மட்டும் போனில் மெயிலைத் திறந்ததும் படத்தைத் தள்ளிவிட்டு நேரே அந்த மூன்று வரிக்குப் போவார். அப்புறம் கயிற்றை எடுப்பார்.