கண்புரை அறுவைக்குப் பிறகு: சொட்டு மருந்தோடு சில வாரங்கள்

அறுவை சிகிச்சை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதன் பிறகு வாரக்கணக்கில் விட்ட சொட்டு மருந்துதான் பெரிய வேலை.

கட்டைப் பிரித்ததும் நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் கண் சிவந்து, உறுத்தி, வெளிச்சத்தில் கூசியது. பரிசோதித்த மருத்துவர், கண்ணின் முன்னறையில் உள்ள நீரில் அழற்சி செல்கள் மிதப்பதாகச் சொன்னார். ஜன்னல் வெயிலில் தூசி தெரிகிற மாதிரி கருவியின் ஒளிக்கற்றையில் அவை தெரியுமாம். புரை விழுந்த லென்ஸை அல்ட்ராசவுண்டால் உடைத்து எடுக்கும்போது உள்ளே இருக்கும் திசு சீண்டப்படுகிறது. அதற்குக் கண் காட்டும் எதிர்வினை இது. வழக்கமானதுதான். அடங்காமல் நீடித்தால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து, கிடைத்த பார்வை மறுபடி மங்கலாம்.

எனக்கு எழுதியது மூன்று மருந்து: கிருமிக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின், அழற்சிக்கு ஸ்டீராய்டான பிரெட்னிசலோன், கூடவே ஸ்டீராய்டு இல்லாத நெபாஃபெனாக். பிரெட்னிசலோன் அசிடேட் பாட்டிலின் அடியில் மருந்து தங்கிவிடும். நன்றாகக் குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் விழும். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி இடம் வரும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் தங்காது, கன்னத்தில்தான் வழியும். பாட்டில் முனை எங்கும் படக்கூடாது. அப்புறம் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொள்வேன். அழுத்தாத வேளைகளில் தொண்டையில் கசந்தது. மருந்து கண்ணீர்ப் பாதை வழியாக இறங்கிவிடுகிறது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. இல்லையென்றால் முதல் சொட்டை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும்.

உண்மையான சோதனை, சிவப்பும் உறுத்தலும் போன பிறகுதான் வந்தது. நன்றாக இருக்கும் கண்ணில் எதற்கு மருந்து என்று தோன்றும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பலாம். அதனால்தான் வாரத்துக்கு வாரம் வேளைகளைக் குறைத்து எழுதுகிறார்கள். சொன்ன காலத்தைத் தாண்டியும் அதைக் கண்ணில் போடக்கூடாது. சிலருக்கு ஸ்டீராய்டு கண்ணழுத்தத்தை ஏற்றும், எனக்கும் இடையில் அளந்து பார்த்தார்கள். வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ, சிவப்பு அதிகமானாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றே போய்விட வேண்டும்.

மருந்து முழுதும் முடிந்து பார்த்தபோது செல்கள் இல்லை, கண்ணழுத்தமும் சரியாக இருந்தது. படிக்கும் கண்ணாடிக்கான பவரை அன்றுதான் எழுதிக் கொடுத்தார்.