பதினைந்து தாருக்கு எவ்வளவு கூலி?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான்கே பேர் இருக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. டவுனில் ஒரு வாழைத்தார் மண்டிக்கு பைத்தான் என்கிற நிரல்மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் காலையிலேயே மண்டி அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பதினஞ்சு தாருக்கு எறக்குகூலி என்ன வந்திருக்குன்னு பாத்தியா? மண்டிய வித்தாலும் காணாதுல்லா!"

பார்த்தால் 1515151515151515.

தாருக்கு 8 ரூபாய், 120 வரவேண்டிய இடம். மண்டியில் செல்போனில் தட்டிய 15, எண்ணாக வராமல் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளாக வந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கை 8ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தான் முனகாமல் அதையே எட்டு தடவை எழுதி நீட்டிவிடும். இதாவது கண்ணில் பட்டது. கனமான தார் மேலே வரவேண்டிய எடைவாரிப் பட்டியலில் 9 கிலோ தார் 25 கிலோ தாருக்கு மேலே ஏறி நின்றதை (ஸ்ட்ரிங் என்றால் முதல் எழுத்தைப் பார்த்துத்தானே அடுக்கும்) இரண்டு வாரம் யாருமே கவனிக்கவில்லை, நான் உட்பட.

எந்த இடத்தில் எண், எந்த இடத்தில் எழுத்து வரவேண்டும் என்று நிரலிலேயே எழுதிவைக்கிற குறிப்புக்கு டைப் ஹின்ட் என்று பெயர். அதுவரை அது என்றாலே எனக்கு எரிச்சல். 2015ல் பைத்தான் 3.5 வந்ததிலிருந்து இருக்கிற வசதிதான், ஆனால் டிக்‌ஷனரிக்குள் லிஸ்ட், லிஸ்ட்டுக்குள் டியூப்பிள் என்று எழுதப்போனால் அது நான் தினமும் கடக்கிற சுலோச்சன முதலியார் பாலம் மாதிரி நீண்டுகொண்டே போகும். அண்ணாச்சி போனுக்கு அப்புறம் ரோஷம் வந்து ஒரே வாரத்தில் எல்லா ஃபங்ஷனுக்கும் (ஒரு வேலையைச் செய்கிற நிரல் துண்டு) எழுதித் தள்ளினேன். கூலி ஃபங்ஷனில் எண்ணிக்கை 'இன்ட்', அதாவது முழு எண் என்று போட்டாகிவிட்டது, இனி தப்பு வராது என்று நிம்மதி. சோதித்துப் பார்த்தேன், அதே 1515151515151515.

ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்பைச் சட்டையே செய்யாது, மைபை மாதிரி தனிக் கருவிதான் பார்த்துச் சொல்லவேண்டும். சரி என்று மைபையை ஓட்டினால் அதுவும் வாய் திறக்கவில்லை. செல்போனிலிருந்து தகவல் வந்து சேருகிற வடிவமான ஜேசனைப் பிரித்தால் கையில் கிடைப்பது 'எனி' வகை, எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள், அதை எங்கே கொடுத்தாலும் மைபை கேள்வி கேட்காது. வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்குகிற இடத்திலேயே நாமாக எண்ணாக மாற்றியிருக்க வேண்டும், நான் வாசலைத் திறந்து போட்டுவிட்டு உள்ளறைக்கெல்லாம் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

இப்போது ஜேசன் வந்ததுமே மாற்றம், பணம் தொடுகிற ஃபங்ஷன்களுக்குக் கட்டாயம் டைப். ஒரு தடவை ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுகிற ஸ்கிரிப்ட்டுக்கு இன்னமும் எழுதுவதில்லை, எழுதச் சொல்லி யாரையும் நச்சரிப்பதும் இல்லை.

மாற்றிய மூன்றாம் நாளே ஒரு பதிவு எண்ணாக மாறாமல் நின்றுவிட்டது. மண்டிக் கணக்குப்பிள்ளை '15+2' என்று தட்டியிருந்தார். கேட்டால், "அந்த ரெண்டும் அடிபட்ட தார்லா, அதுக்கு ரேட்டு வேற." அதற்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.