அம்மாவின் அளவு ஜாக்கெட் வியட்நாம் போன கதை

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, நேரடி விமானம் விட ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. முதுகில் ஒரே ஒரு பை, மொத்தம் 7 கிலோ. அதற்கு மேல் 100 கிராம் போனாலும் கவுன்ட்டரில் கட்டச் சொல்லும் காசைக் கேட்டால் பையை அங்கேயே தானமாகக் கொடுத்துவிட்டு வரலாம் என்று தோன்றும். அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பையைத் தொங்கு தராசில் மாட்டினேன். சோப்பைப் பாதியாக அறுத்து, செருப்பில் ஒரு ஜோடியைத் துறந்து, 6 கிலோ 700-க்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அம்மா பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முந்நூறு கிராம் இருக்குல்ல?"

"இருக்கு. ஏன்?"

பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஜாக்கெட் பிட். நவராத்திரிக்கு வச்சுக் கொடுத்தது, வளைகாப்புக்கு வச்சுக் கொடுத்தது, எதற்கென்றே தெரியாமல் வச்சுக் கொடுத்தது. நாங்கள் கொடுத்த பிட் ஒன்று நாலு வீடு சுற்றி எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. மூலையில் அம்மா பேனாவால் வைத்த புள்ளி காட்டிக் கொடுத்தது. அந்தக் குவியலிலிருந்து மூன்று நல்ல பிட், கூடவே பழைய அளவு ஜாக்கெட் ஒன்று. நாலையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் பைக்குள் திணித்தாள்.

"ஹோய் ஆன்னு ஒரு ஊருக்குப் போறியாமே. ஊர் பூரா டெய்லர் கடைதானாம், 24 மணி நேரத்துல தைச்சுக் கொடுக்குறாங்களாம். யூடியூப்ல பாத்தேன்."

"அங்க கோட்டு சூட்டு தைப்பாங்கம்மா. ஜாக்கெட்டெல்லாம் தெரியாது."

"கோட்டு தைக்கிறவனுக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியாதா? நம்ம ஆளு தீபாவளிக்குக் கொடுத்ததைப் பொங்கலுக்குக்கூடத் தரலை. கேட்டா காஜாவுக்குப் போயிருக்குங்குறான்."

நம்ம ஆள் என்பது தெருமுனை டெய்லர் அண்ணன். எப்போது போனாலும் 'வெள்ளிக்கிழமை வாங்க' என்பார். எந்த வெள்ளி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. சைகோனிலிருந்து ரயிலில் 17 மணி நேரம் உட்கார்ந்து, டா நாங்கில் இறங்கி, அங்கிருந்து 30 கிலோமீட்டர் ரோட்டில் போக வேண்டும். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். பழைய ஐரோப்பிய வரைபடங்களில் ஃபைஃபோ என்று இருக்கும். பட்டுக்கும் பீங்கானுக்கும் வந்த ஜப்பானியரும் சீனரும் இங்கேயே வீடு கட்டித் தங்கினார்கள். பிறகு து போன் ஆறு மண் மேடிட்டது, பெரிய கப்பல் உள்ளே வர முடியவில்லை, வியாபாரம் மொத்தமும் டா நாங்குக்கு நகர்ந்துவிட்டது. கையில் காசில்லாத ஊரில் யார் பழைய வீட்டை இடித்து மாடி வீடு கட்டப் போகிறார்கள்? அப்படியே விட்டுப்போன மஞ்சள் சுவர்களும் மரத் தூண்களும்தான் 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இப்போது கடைக்குக் கடை வாசலில் துணி விளக்கு, அதற்குக் கீழே தலையில்லாத பொம்மைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.

பை நிறைய துணி வைத்திருக்கிறேன் என்று ஊருக்கே வாசனை அடித்திருக்க வேண்டும். தங்கும் விடுதிக்காரிக்கு டெய்லர் தங்கை. பான் மீ ரொட்டி விற்ற பெண்ணுக்கு டெய்லர் அத்தை. பைக்கில் கொண்டுவந்து விட்டவருக்கு ஒன்றல்ல, இரண்டு டெய்லர் மச்சினிகள். நடந்து போனால் வாசலிலிருந்தே கையைப் பிடித்து, "மேடம், சூட்? டிரஸ்? டுமாரோ ஃபினிஷ்!"

நான் பெரிய தெரு கடைகளுக்குள் போகவில்லை. துணி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், மிதி மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் இஞ்ச் டேப், வாயில் நாலு குண்டூசி. நம்ம ஊர்தான் என்று மனம் சொல்லிவிட்டது.

முதல் கேள்வி, என் வயது என்ன. அவமரியாதை இல்லை. அவர்கள் மொழியில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் பெரும்பாலும் உறவுமுறைதான் சொல்ல வேண்டும். வயது தெரியாமல் வாக்கியத்தையே ஆரம்பிக்க முடியாது. 33 என்றேன். உடனே அவர் 'கோ', அதாவது அத்தை. நான் 'கோன்', பிள்ளை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை அரை நிமிஷத்தில் சித்தப்பா ஆக்கிவிடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம்? மகள் ஒருத்தி மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும்.

அளவு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

கோ அதை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்னால் திருப்பினார். பின்னால் திருப்பினார். கீழே குனிந்து, ஏதாவது தரையில் விழுந்துவிட்டதா என்று பார்த்தார். மகளிடம் ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: "மீதி எங்கே?"

"அவ்வளவுதான்" என்றேன்.

கோ நம்பவில்லை. ஆனால் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பியதும் முகமே மாறிவிட்டது. நம்ம டெய்லர் அண்ணன் பக்கவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரி தையல் போட்டிருப்பார். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். அதில் முதல் வரி ஏற்கெனவே பிரிந்து, ஊசி ஓட்டை மட்டும் தெரிந்தது. கோ அந்த ஓட்டைகளை விரலால் தடவினார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கன்னத்தை உப்பி, சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவின் பத்து வருஷச் சரித்திரத்தை ஒரு தையல்காரர் இன்னொரு தையல்காரருக்கு எழுதிய கடிதம் மாதிரி அவர் படித்துவிட்டார்.

இதைப் போட்டால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக போனில் அம்மாவின் படத்தை எடுத்தேன். இங்கேதான் முதல் தப்பு நடந்தது. அது அண்ணன் கல்யாணப் படம். பட்டுப்புடவையில் முந்தானையை இழுத்துச் சொருகி, கோயில் தேர் மாதிரி மூடிக்கொண்டு நிற்கிறாள். ஜாக்கெட்டில் தெரிவது கை மட்டும். கோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஆ!" என்றார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இரண்டாவது தப்பு, வீடியோ கால். அங்கே மாலை ஆறு, இங்கே நாலரை. அம்மா அப்போதுதான் காபியோடு உட்கார்ந்திருந்தாள். கோ போனை வாங்கியதும் முதல் வேலையாக அம்மாவின் வயதைக் கேட்டார். 63 என்று சொன்னேன். கோவுக்கு 61. அம்மா அக்கா ஆகிவிட்டாள். போனுக்குள் முகத்தை நுழைக்காத குறையாக, அன்பு பொங்க, உரக்கக் கூப்பிட்டார்:

"சி ஓய்! சி ஓய்!"

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, யாரைப் பாத்து சீ போய்ங்குறா?"

"அம்மா, அது 'அக்கா'ன்னு கூப்பிடுறாங்க."

"அக்காவைக் கூப்பிட இதான் கிடைச்சுதா? சரி, சொல்லு. பின்கழுத்து ஒரு இஞ்ச் மேல ஏறணும். கை இறுக்கக் கூடாது. உயரம் அரை இஞ்ச் இறக்கணும்."

நான் மகளிடம் சொல்வதற்குள் அம்மாவே செய்கையில் இறங்கிவிட்டாள். நெஞ்சுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "கீழ... இன்னும் கீழ..." என்று அழுத்திக் காட்டினாள். அவள் மனசில் அரை இஞ்ச்தான். கை போன் திரையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க கோ குனிந்து போனுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் இருபது நிமிஷம் இரண்டு பேரும் அவரவர் மொழியில் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். சத்தியமாகப் புரிந்துதான் பேசினார்கள். அம்மா முடவாட்டுக்கால் சூப் சொல்ல, கோ ஏதோ தைலக் குப்பியைக் காட்டினார்.

மூன்றுக்கும் கூலி 6 லட்சம் டாங். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் '6 லட்சம்' என்று மட்டும் அனுப்பிவிட்டு ஐந்து நிமிஷம் போனை அணைத்து வைத்தேன். திரும்பப் போட்டபோது ஒன்பது தவறிய அழைப்பு. நம்ம காசுக்கு இரண்டாயிரம் சொச்சம்தான். சந்து முனையில் டீக்கு 20,000 டாங் நீலத் தாள் ஒன்றை நீட்டினேன். அந்தத் தாளில் அச்சடித்திருப்பது இந்த ஊர் ஜப்பானியப் பாலம், தாளை நீட்டிய இடத்திலிருந்து திரும்பினால் நிஜப் பாலம். 1593-இல் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்ச் சிலைகள். குரங்கு வருஷத்தில் தொடங்கி நாய் வருஷத்தில் முடித்தார்களாம். இரண்டு வருஷம். அதையாவது காஜாவுக்கு அனுப்பாமல் முடித்தார்களே.

மறுநாள் தையல் நடக்கட்டும் என்று மீ சோன் போனேன், 40 கிலோமீட்டர். நாலாம் நூற்றாண்டில், அந்தப் பகுதியை ஆண்ட சாம் இனத்து அரசன் பத்ரவர்மன் சிவனுக்குக் கோயில் எழுப்பி, தன் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று வைத்த இடம். எல்லாம் சிவப்புச் செங்கல், இரண்டு கல்லுக்கு நடுவில் நகம் நுழையாது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் போயிற்று. நம்ம தொல்லியல் துறை ஆட்கள் வந்து சீரமைத்தபோது, 2020-இல், மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த சிவலிங்கம் வெளியே வந்தது. புல்வெளியில், எண்ணெயும் விபூதியும் இல்லாத ஈஸ்வரன் முன்னால் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஹோய் ஆனுக்கு வரும் வழியிலேயே டா நாங்கில் சாம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்திருந்தேன். அங்கே கல்லில் ஆடும் பெண்களுக்கு மேலே முத்துமாலை மட்டும்தான். அளவு ஜாக்கெட் தொல்லையே இல்லாத ஜென்மங்கள்.

திரும்பி வந்து காவ் லாவ் சாப்பிட்டேன். தடித்த நூடுல்ஸ், மேலே பன்றிக்கறி, கீரை, நொறுங்கும் வறுவல். பா லே கிணற்றுத் தண்ணீரில் செய்தால்தான் அந்தப் பதம் வரும் என்று அந்த ஊரில் சத்தியம் செய்கிறார்கள். காவிரித் தண்ணீரில் போட்டால்தான் காபி என்று சொல்லும் வீட்டில் வளர்ந்ததால் நான் வாதாடவில்லை. பன்றிக்கறியைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். காலை ஐந்துக்கு வண்டி. கோ எனக்காகவே விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பொம்மைமேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார். மந்திரவாதி மாதிரி அதை உருவினார்.

மயில்கழுத்து நிறத்தில், அம்மாவின் ஜாக்கெட். தோளும் கையும் பின்கழுத்தும் அச்சு அசல். ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அதே நிறத்தில் கடையில் தேடி எடுத்த பட்டுத் துணியை ஒட்டுப் போட்டு, இடுப்பைத் தாண்டி, தொடைவரை இறங்கி, ஓரத்தில் தாமரைப்பூ வேலைப்பாடு. அளவு ஜாக்கெட்டில் ஆறு ஹூக். இதில் பதினான்கு.

மகள் சொன்னாள்: "அம்மா சொல்றாங்க, நீங்க கொடுத்த துணி பத்தலையாம். உங்க அம்மா வெட்கப்பட்டுக் கேக்கலை போல. பட்டுக்குக் காசு வேண்டாம், அக்காவுக்குப் பரிசு."

மூன்றையும் அப்படியேதான் தைத்திருந்தார். மூன்றிலும் பக்கவாட்டில், நம்ம அண்ணன் போட்டிருந்த அதே மாதிரி, மூன்று வரி தையல்.

நான் கோவின் முகத்தைப் பார்த்தேன். வாயில் குண்டூசி இல்லாமல் அவரை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

திரும்பும் வழியில் சைகோன் விமான நிலையத்தில் பை 7 கிலோ 400. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். பிறகு மூன்று ஜாக்கெட்டையும் டி-ஷர்ட்டுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். அம்மா அளவு என்பதால் தாராளமாகவே ஏறின. மொத்தம் நாற்பத்தி இரண்டு ஹூக். கவுன்ட்டர் பெண் என் பையை எடை போட்டாள், என்னைப் போடவில்லை.

திருச்சியில் ராத்திரியிலும் புழுக்கம் கொன்றது. வெளியே வந்தபோது மேல்துணி மூன்றும் முதுகோடு ஒட்டியிருந்தன. அம்மா என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு இந்தச் சட்டை. எங்க வாங்குன?"

"உன் ஜாக்கெட்தாம்மா."

வீடு வரும்வரை பேசவில்லை. வந்ததும் ஒன்றைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் திருப்பி, அந்த மூன்று வரியையும் தாமரையையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைவேலை தெரிஞ்சவதான். சீ போய்னாலும் பரவாயில்லை" என்றாள்.

மறுநாள் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோய், இடுப்புக்கு மேலே வெட்டிக் கொடுக்கச் சொன்னோம். அவரும் உள்பக்கம்தான் முதலில் திருப்பினார். தன்னுடைய மூன்று வரியை அங்கே பார்த்ததும், "இது யாரு தைச்சது?" என்றார். வியட்நாமில் என்றோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

நாலு வெள்ளி போய்விட்டது. நேற்றுக் கேட்டதற்கு காஜாவுக்குப் போயிருக்கு என்றார். ஹூக் வைத்த ஜாக்கெட்டுக்கு எதற்கு காஜா என்று அம்மாகூடக் கேட்கவில்லை.