தலைமாட்டில் ஒரு கொப்பி

பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த அம்மாவை ஒட்டுசுட்டான் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, அவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வைத்தியசாலைத் துண்டில் மருந்துகளின் பெயர்களும் கிளினிக் திகதியும் மட்டுமே இருந்தன. பத்தாம் நாளளவில் வாலெலும்பின் மேல் சிவந்த தடமொன்றைக் கண்டு, வெக்கையால் வந்த வேர்க்குரு என்று பவுடர் பூசினோம்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த தாதி, கட்டிலருகே அமர்ந்து, "அம்மா, உங்கட முதுகை ஒருக்காப் பார்க்கட்டோ?" என்று கேட்டார். "பாருங்கோ பிள்ளை" என்று அம்மா குழறலாகச் சொன்னார். நோயில் விழுந்த பின் அவருடைய உடம்பைப் பற்றி அவரிடமே அனுமதி கேட்டவர் அந்தப் பெண் ஒருவர்தான். மகளாகிய நானும் கேட்டதில்லை.

தடத்தை விரலால் அழுத்தி, வெளிறாமல் சிவப்பாகவே நிற்பதைக் காட்டிய அவர், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தசை நசுங்கி இரத்தவோட்டம் தடைப்படுவதால் வரும் படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது என்றார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். இழுக்காமல், விரிப்போடு சேர்த்துத் தூக்கவேண்டும். குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்கவேண்டும். வன்னி வெயிலில் வியர்வையைத் தேக்கிய பிளாஸ்ரிக் விரிப்பை அன்றே அகற்றச் செய்தார். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தி, முடிந்த பின்னும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த வழக்கத்தால், இந்த நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடும்பநல மாது தேடி வருகிறார். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கும் அப்படியொரு வருகை உரிமையாகவே கிடைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2009இன் பின் முள்ளந்தண்டு காயத்தோடு வாழ்பவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். வலி தெரியாத உடம்பில் ஒரு புண்ணோ சிறுநீர்த் தொற்றோ உயிரையே எடுத்துவிடக்கூடும். பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வர இயலாதவர்களும் அவர்களே.

மூன்று வாரத்தில் தடம் மங்கியது. தலைமாட்டுக் கொப்பியில் பக்கம் மாற்றிய நேரங்களைக் குறிக்கிறோம்: இரவு 12 மணி தம்பிக்கு, 2 மணி எனக்கு. நான் விளக்கைப் போட்டு, "அம்மா, திருப்பட்டோ?" என்று கேட்கிறேன், அவர் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார்.