ஊசியில் இருப்பவையும் வரிசையில் நிற்பவையும்

நவம்பர் 10, குன்னூர்

இப்போது ஊசியில் இருப்பவை: இவருக்கான சாம்பல் நிற ஸ்வெட்டர், உடம்புப் பகுதி கையிடுக்கு வரை வந்துவிட்டது. ஒரு ஜோடி சாக்ஸ், இரண்டாவது கால். பெங்களூரில் பிப்ரவரியில் பிறக்கப்போகும் பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு போர்வை. அது இன்னும் என் தலைக்குள்தான் இருக்கிறது. அடுத்து வரிசையில் நிற்பவற்றை எழுதத் தொடங்கினால் இந்த ஐப்பசி மழை போதாது.

"ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததை எடுக்கக் கூடாதா?" என்று இவர் வருஷா வருஷம் கேட்கிறார். கூடாது. ஸ்வெட்டரின் உடம்பு சுற்றிச் சுற்றி ப்ளெயின் மட்டும்தான், டிவி பார்த்தபடியே கை அதுபாட்டுக்குப் போகும். சாக்ஸ் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும். கயிறு முறுக்கியது போல் கண்ணிகளை மாற்றிப் போடும் கேபிளோ இரண்டு நிற வேலையோ என்றால் பகல் வெளிச்சமும் யாரும் பேசாத வீடும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேலையில் தேடினால் எப்படி?

நவம்பர் 14

பேட்டர்ன் இல்லாமல் எப்படிப் பின்னுகிறாய் என்று அண்ணி போனில் கேட்டார். எலிசபெத் சிம்மர்மன் புண்ணியம். இங்கிலாந்தில் 1910இல் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். அவர் சொல்லிக்கொடுத்த சதவீதக் கணக்கு கைவசம் இருந்தால் எந்த நூலிலும் யாருக்கும் ஸ்வெட்டர் போடலாம்.

முதலில் பின்னிப் பார்த்த சின்னச் சாம்பிளில் ஓர் அங்குலத்துக்கு 5 கண்ணி, அதாவது ஊசியில் விழும் வளையம், வந்தது. இவருக்கு மார்பு 38, தளர்வோடு 40. ஆக 200 கண்ணி. இதுதான் நூறு சதவீதம். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், 40 கண்ணி. கையின் மேல்பகுதிக்கு 35, அதாவது 70. கையிடுக்கில் ஒவ்வொரு பக்கமும் 8 சதவீதம், 16 கண்ணியைத் தனியே நிறுத்திவைக்க வேண்டும். கழுத்துக்கு 40 சதவீதம், 80. உடம்பும் இரு கைகளும் ஒரே வட்ட ஊசியில் சேரும்போது 276 கண்ணி இருக்கும். அங்கிருந்து தோள்வட்டத்தின் உயரம் 10 அங்குலம், சுற்றளவில் கால் பங்கு. பாதி உயரத்தில் நான்கை மூன்றாக்கு: 207. முக்கால் உயரத்தில் மூன்றை இரண்டாக்கு: 138. முழு உயரத்தில் ஐந்தை மூன்றாக்கு: 82, 83 வரும். கழுத்துக்கு வேண்டியது 80தானே, தானாக வந்து உட்காருகிறது!

பள்ளியில் சதவீதக் கணக்கை இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் கணக்கு வாத்தியாராகியிருப்பேன்.

தையல் வேலையும் இதில் மிச்சப்படுகிறது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று தனித்தனியாகப் பின்னிப் பிறகு உட்கார்ந்து மூட்டுவதைப் போல் சலிப்பான வேலை உலகத்தில் இல்லை.

நவம்பர் 21

ஊட்டிக்கு ரயிலில் போனேன். குன்னூருக்குக் கீழேதான் பல்சக்கரமும் நீராவி எஞ்சினும்; மேலே டீசல்தான், குலுக்கல் குறைவு, சாக்ஸ் பின்ன ஏற்ற வண்டி. கேத்தி ஸ்டேஷன் வந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் ஊசியைப் பார்த்து, "இதெல்லாம் ஃபாரினா ஆன்ட்டி?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது, 1949இல் தொடங்கியது. 'பொனி' என்ற பெயரில் அவர்கள் செய்யும் பின்னல் ஊசி கடல் கடந்து போகிறது. இங்கிலாந்துக்காரி ஒருத்தி தன் ஊர்க் கடையில் வாங்கிப் பின்னும் ஊசி கேத்தியில் செய்ததாக இருக்கலாம். எனக்கு அதில் ஒரு திமிர் உண்டு. ஊசி எங்கள் மலையில் இருந்து அங்கே போகிறது, கணக்கு அங்கே பிறந்தவரிடமிருந்து எனக்கு வருகிறது.

திபெத்தியர் மார்க்கெட்டிலும் ஒரு சுற்று. அங்கே தொங்குபவற்றில் பெரும்பாலானவை லூதியானா மில் சரக்கு. கையால் பின்னியது என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வாய் துறுதுறுக்கும். ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள்: மெஷினில் ஓடிய சன்னமான சங்கிலித்தையல் தெரியும். அதற்காக அதை மட்டமென்று சொல்லமாட்டேன். குளிருக்கு அது போதும், விலையும் கட்டுப்படியாகும்.

நவம்பர் 27

மருமகள் போன் செய்தாள்.

"அத்தை, போர்வையை மெஷின்ல போடலாமில்ல?"

நியாயமான கேள்வி. குழந்தைத் துணியைக் கையால் அலசச் சொல்கிற மாமியார் நான் இல்லை.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சடை விழுந்த முடி மாதிரி பிரிக்க முடியாமல் இறுகிவிடும். பெரியவர் ஸ்வெட்டர் சின்னப்பையன் ஸ்வெட்டராவது அப்படித்தான். 'சூப்பர்வாஷ்' என்று பட்டையில் போட்டிருக்கும் நூலில் அந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சும் கொடுத்திருப்பார்கள். அதை மெஷினில் போடலாம், ஆனால் நனைந்தால் நீளும், கனக்கும். அக்ரிலிக் துவைக்கச் சுலபம், மலிவு. ஆனால் பெங்களூர் மார்ச்சில் அதற்குள் குழந்தைக்கு வேர்த்துக்கொட்டும்.

ஆக, பருத்தி. வெளிறிய பச்சையில் ஒரு பருத்தி நூல், எல்லா வரிசையும் ப்ளெயின். இருபுறமும் ஒரே மாதிரி, ஓரம் சுருளாது. ஓட்டை வைத்த டிசைன் எதுவும் கிடையாது. பிஞ்சு விரல் போய் மாட்டும். மூலையில் இருந்து மூலைக்கு: நான்கு கண்ணியில் தொடங்கி வரிசைக்கு ஒன்று கூட்டி, வேண்டிய அகலம் வந்ததும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் சதுரம். நூல் எவ்வளவு மிச்சம் என்று எடை போட்டுப் பார்த்தபடியே பின்னலாம். பாதி நூல் தீர்ந்ததும் குறைக்க வேண்டியதுதான்.

டிசம்பர் 5

இன்று குதிகால் நாள்.

பின்னாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சாக்ஸின் சுற்று 64 கண்ணி. அதில் பாதியை, 32ஐ, நிறுத்திவைத்துவிட்டு மறுபாதியில் மட்டும் 32 வரிசை முன்னும் பின்னும் போக வேண்டும். ஒரு சின்னச் சதுரப் பட்டை தொங்கும். அதன்பின் நடுவில் இருந்து கொஞ்சம் பின்னி, இரண்டை ஒன்றாக்கித் திரும்பு, மறுபக்கமும் அப்படியே, ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி தூரம் கூடுதலாகப் போ. பட்டையாக இருந்தது உள்வாங்கிக் குழிந்து, 32 கண்ணி 18 ஆகும்போது குதிகால் அங்கே இருக்கும். வெட்டு இல்லை, தையல் இல்லை. பட்டையின் இரண்டு ஓரங்களிலும் பதினாறு பதினாறாக எடுத்தால் மொத்தம் 82. ஒன்றுவிட்ட சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64க்கு வர வேண்டும்.

நான் எத்தனையோ ஜோடி போட்டாயிற்று. இன்னமும் அந்தக் குழி விழும் இடத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடிவதில்லை. இன்றைக்கு மாட்டியவர் பால்காரர். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கடையில நாப்பது ரூபாய்க்குக் கெடைக்குதேம்மா" என்றார்.

டிசம்பர் 13

கார்த்திகை. விளக்கு வைத்துவிட்டுப் பரணைக் குடைந்ததில் பாட்டியின் ரேந்தை, அதாவது லேஸ், கிடைத்தது, பழைய பாவாடை ஓரத்தோடு. பாட்டிக்கு இடையன்குடிப் பக்கம். திருநெல்வேலிச் சீமைக்கு ரேந்தை வந்த கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. 1819இல் அங்கே வந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்; அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அங்கேயும் கொண்டுபோனார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பேசுகிற நம் ஆட்கள் அந்த வீட்டின் ரேந்தைப் பள்ளியைப் பற்றி ஒரு வரியாவது பேசலாம். கூலி வாங்கிய பெண்கள் அதில் இருந்தார்கள்.

அது தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவது. என் ஊசிப் பின்னல் வேறு ஜாதி. ஆனாலும் அந்த விசிறி வடிவத்தைப் பார்த்ததும் ஒரு சால்வை மனதில் விழுந்துவிட்டது. மெல்லிய வெள்ளை நூல், தடித்த ஊசி. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, நூலைச் சுற்றி ஒரு ஓட்டை விடு. கூட்டலும் கழித்தலும் சமமாக இருக்கும்வரை துணி துணியாகவே இருக்கும். சால்வை வரிசையில் சேர்ந்தது. கோடை வரை காத்திருக்கட்டும்.

டிசம்பர் 22

பக்கத்து வீட்டு மாதி அக்கா, நான் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தோடர் பூவேலை மாதிரி ஒண்ணு போடேன், அழகா இருக்கும்" என்றார். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, கோடு வரையாமல், இழையை எண்ணியே போடுகிறார்கள் தோடப் பெண்கள். கட்டக் கணக்கில் அது ஊசிப் பின்னலுக்கு அப்படியே பொருந்தும், எனக்கும் கை அரித்தது உண்டு. ஆனால் போடமாட்டேன். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது, அவர்கள் பிழைப்பு. வேண்டுமானால் அவர்களிடம் ஒரு சால்வை வாங்கிப் போர்த்திக்கொள்வேன்.

எனக்குக் குறிஞ்சி இருக்கிறது. 2018இல் பூத்ததைப் பார்த்த நிறம் கண்ணில் நிற்கிறது. பல நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னும் ஃபேர் ஐல் முறையில் கையில்லாத ஒரு வெஸ்ட், எனக்கே எனக்கு. ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான், பின்னால் ஓடும் நூல் ஐந்து கண்ணிக்கு மேல் தொங்கக் கூடாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பிறந்த முறை. அங்குலத்துக்கு 7 கண்ணி, 40 அங்குலத்துக்கு 280, குறிஞ்சிப் பூ ஒன்றுக்கு 14 கட்டம் என்றால் சுற்றிவர 20 பூ. அடுத்த பூப்பு 2030இல். அதற்குள் முடித்துவிடமாட்டேனா என்ன!

டிசம்பர் 30

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி என்று போட்டோ வருகிறது. இங்கே அவ்வளவு இல்லை, ஆனால் காலையில் விரல் மடங்க மறுக்கிறது. கைகள் இரண்டும் உடம்போடு சேர்ந்தன. ஊசியில் 276. இவர் தன் ஸ்வெட்டர் என்று அதிகாரத்தோடு தினமும் வந்து அளந்து பார்க்கிறார்.

மாதி அக்கா மகன் படகர்களின் ஹெத்தை பண்டிகைக்கு ஊருக்கு வந்திருக்கிறான், அயர்லாந்தில் வேலை. கேபிள் வைத்த வெள்ளை ஸ்வெட்டர் ஒன்று போட்டிருந்தான். "ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிசைனாம் சித்தி. மீனவர் கடல்ல செத்துக் கரை ஒதுங்கினா, ஸ்வெட்டரைப் பார்த்து அடையாளம் சொல்வாங்களாம்" என்றான். கடைக்காரன் சொன்ன கதை. 1904இல் அரங்கேறிய ஓர் ஐரிஷ் நாடகத்தில் ஒருத்தி, செத்தவன் காலுறையில் தான் விட்ட கண்ணியை எண்ணிச் சகோதரனை அடையாளம் காண்பாள். அது காலுறை, டிசைனும் இல்லை. அந்தக் காட்சி ஊதிப் பெரிதாகி ஸ்வெட்டர் வியாபாரத்துக்கு வந்துவிட்டது. அவனிடம் சொன்னேன், முகம் வாடியது. பின்னல் மட்டும் அசல், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேபிள்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஸ்வெட்டரை இரண்டு நாள் கடன் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 7

ஸ்வெட்டர் முடிந்தது. கழுத்துக்கு 82 கண்ணி, இழுத்தால் விரியும் ரிப் இரண்டு அங்குலம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி, மெத்தைமேல் அளவு பார்த்து விரித்திருக்கிறேன். இந்தப் பனிக்காலத்தில் காய மூன்று நாளாகும். அதுவரை இவர் சோபாவில் படுக்கட்டும்.

கை சும்மா இருக்கவில்லை. போர்வை பாதி தாண்டிக் குறையும் பக்கம் வந்துவிட்டது.

இன்னொரு ஆசை. ஊட்டி–கூடலூர் சாலையில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டுப்பண்ணை இருக்கிறது. நீலகிரி ஆடும், அதோடு மெரினோ கலந்து உண்டாக்கிய சாண்டினோவும். எங்கள் மலை ரோமத்தைக் கையால் சுழற்றும் தக்ளியில் நூற்று ஒரு குல்லாயாவது போட வேண்டும். நூற்பது தெரியாது, கற்றுக்கொண்டால் போயிற்று.

ஜனவரி 17

பொங்கல் கூட்டம் கிளம்பியாயிற்று. குறிஞ்சி வெஸ்டுக்கு நிறச் சாம்பிள் போட்டேன்: ஊதா இரண்டு, தேயிலைப் பச்சை, சோலைக்காட்டின் கரும்பச்சை, மேகச் சாம்பல்.

மொத்தத்தையும் வட்டமாகவே பின்னி, கைத்துவாரம் வேண்டிய இடத்தில் சில கண்ணிகளைக் கூடுதலாகப் போட்டுவைத்து, கடைசியில் அங்கே கத்தரியால் வெட்டித் திறப்பதுதான் ஷெட்லாண்ட் வழக்கம். சொன்னதும் இவர் பேப்பரை மடக்கிவிட்டார். "மாசக்கணக்கா பின்னினதை வெட்டுவியா?" வெட்டுவேன். சொரசொரப்பான கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சட்டென்று பிரியாது. சூப்பர்வாஷும் அக்ரிலிக்கும் வழுக்கும், அதனால் இதற்கு அவை ஆகா. இமாச்சலக் கம்பளி நூல் வைத்திருக்கும் கடையைக் கேட்டுவைத்திருக்கிறேன். நான் எப்போது கத்தரி எடுப்பேன் என்று இவர் இப்போதே பயத்தில் இருக்கிறார், எனக்கோ வெஸ்டைவிட அந்த வெட்டின் மேல்தான் ஆசை.

சாம்பிளைப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்தேன். கண்ணுக்கு எதிரெதிராக நிற்கும் நிறங்களின் அழுத்தம் ஒன்றாக இருந்தால் அதில் அம்பலமாகிவிடும். கரும்பச்சையும் அழுத்த ஊதாவும் ஒரே சாம்பலாக விழுந்தன. அந்த ஜோடியில் பூ தெரியாது. மேகச் சாம்பலின்மேல் ஊதா நன்றாக எடுபடுகிறது. கரும்பச்சையை விளிம்பு ரிப்புக்குத் தள்ளிவிட்டு, இலைக்கு இன்னும் வெளிறிய பச்சை ஒன்று தேட வேண்டும். திங்கள்கிழமை ஊட்டிக் கடையில் கிடைக்காவிட்டால், போர்வையைக் கொண்டுபோகும்போது பெங்களூரில் பார்க்கலாம்.