பழனிசாமிக்குப் பின்னால் பவானியம்மாள்

"ஏனுங்க தம்பி, பழனிசாமிக்கு அப்புறமா பவானியம்மா வருவாங்க? வ முடிஞ்சுதானுங்க ழ?"

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். விவசாயிகள் பட்டியலை அச்செடுத்ததும் கணக்குப்பிள்ளை கேட்டது இதைத்தான். பேரேட்டிலேயே நரைத்த தலை. அம்மணியை மேலே தேடினார். அது அமுதாவுக்குக் கீழே கிடந்தது.

தப்பு என்னுடையது. வேகம் வேண்டுமென்று, பட்டியலைச் சேமிக்கிற போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 'சி' என்ற வரிசைமுறையை வைத்திருந்தேன். அது எழுத்தைப் பார்க்காது, எழுத்தைச் சேமித்திருக்கிற எண்களை, அதாவது பைட்டைத்தான் பார்க்கும். எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் ல, ள, ழ எல்லாம் போன பிறகுதான் வ. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால்.

சரி, வேகமாவது கிடைத்ததா? 2016 தொடக்கத்தில் வந்த போஸ்ட்கிரஸ் 9.5 பதிப்பில் வரிசைப்படுத்த ஒரு குறுக்குவழி சேர்த்தார்கள்: ஒவ்வொரு பெயரிலும் முதல் 8 பைட்டை எண்போல எடுத்துவைத்து, முதலில் அதை மட்டும் ஒப்பிடுவது. மஞ்சள் ஏலத்தில் தட்டில் வைக்கும் சாம்பிள் மாதிரி. சாம்பிள் ஒத்துப்போனால்தான் மூட்டையைப் பிரிப்பது. ஆங்கிலப் பெயரென்றால் 8 எழுத்து கிடைக்கும். யூனிகோடைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் தமிழுக்கு எழுத்துக்கு 3 பைட், அதில் முதல் பைட் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. ஆக ப, ழ, மூன்றாவது எழுத்தின் தலை, அவ்வளவுதான். பழனிசாமி, பழனியப்பன், பழனியம்மாள் என்று ஊர் முழுக்கப் பேர் வைத்திருக்கிற எங்கள் பக்கத்தில் அத்தனை மூட்டையையும் பிரித்தாக வேண்டும்!

எந்தப் பெயர் முன்னால் என்று சொல்கிற ஒப்பீட்டுச் சார்பைச் சொந்தமாக எழுதலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். துணியவில்லை. அ-வை விட ஆ பெரிது, ஆ-வை விட இ பெரிது என்றுவிட்டு, ஏதோ ஒரு மூலையில் இ-யை விட அ பெரிது என்று சொல்லிவிட்டால் போதும். சட்டென்று தேட வரிசையாக வைத்திருக்கும் இண்டெக்ஸில் இருக்கிற பெயரையே தேடினால் இல்லை என்று வரும்.

கடைசியில் போஸ்ட்கிரஸ் 10ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிற, ஐசியு என்ற பன்மொழி நிரல் நூலகத்தின் தமிழ் வரிசைக்குப் பெயர்ப் பத்தியை (காலத்தை) மாற்றினேன். இண்டெக்ஸ் முழுக்கப் புதிதாகக் கட்டிக்கொண்டது.

கணக்குப்பிள்ளை விரலை ஓட்டிப் பார்த்தார். அம்மணிக்குத் தலையாட்டினார், பவானியம்மாளுக்கும் ஆட்டினார். அப்புறம் விரல் நின்றது.

"இனிஷியல முன்னால போட்ட பழனிசாமியெல்லாம் எங்கீங்க தம்பி?"