நாலாம் பக்கத்துக் கையெழுத்து

அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பதினோரு வருடம் இருந்தேன். அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் சொல்வேன். ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று, நாலு பக்கம். முதல் பக்கத்தில் கையெழுத்து நேராக இருந்தது. நாலாவதில் கோட்டுக்குக் கீழே சரிந்து, கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது. பார்த்தேன், புரட்டிவிட்டேன். மறுநாள் விசாரணை, கட்டோ கனம்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்டவை. சித்திரவதை செய்து வாங்கிய சாட்சியம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதைத் தொடக்கூடாது, அப்படி வாங்கியவர் மீதான வழக்கில் மட்டும் பயன்படுத்தலாம் என்கிறது 16-ஆவது நெறி. பதவியில் இருந்தவரை நான் அதைப் படித்ததே இல்லை.

அப்புறம் மனித உரிமை வேலை. வருமானம் குறைந்தது, அது இருக்கட்டும். சித்திரவதைக்கு ஆளானவர்களிடம் நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முதல் நாளே சொதப்பினேன். "எத்தனை மணி? முதலில் செவ்வாய் என்றீர்கள், இப்போது புதன் என்கிறீர்களே?" எதிரே இருந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். கூட வந்த இளம் வழக்கறிஞர் என்னை வெளியே அழைத்துப்போய், "அவங்க கூண்டுல நிக்கல சார்" என்றார்.

அவர் கொடுத்துத்தான் இஸ்தான்புல் நெறிமுறையைப் படித்தேன்; சித்திரவதையை எப்படி விசாரித்துப் பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா. கையேடு அது. 1999-இல் உருவானது, 2022-இல் திருத்திய பதிப்பு வந்தது. சொல்வதில் முரண் இருந்தாலே பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பட்ட பாடே நினைவைக் குலைத்திருக்கலாம் என்கிறது. நானோ அத்தனை வருடமும் முரண்களைப் பிடித்தே பெயர் வாங்கியவன். கேள்விகளை ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் "அப்புறம்?" என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன். அதன்பின் வரும் மௌனத்தை நிரப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

எழுத வந்தபோது வேறு தொல்லை. முதல் அத்தியாயத்தில் பதினான்கு இடத்தில் 'மேற்படி' இருந்ததாகப் பதிப்பாசிரியர் எண்ணிச் சொன்னார். அவற்றை அடித்ததுகூடப் பரவாயில்லை. 'தாக்கப்பட்டார்', 'அழைத்துச் செல்லப்பட்டார்' என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் 'யார்?' என்று போட்டிருந்தார். வழக்கு நடத்தியவனுக்கு இந்தக் கேள்வி வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தக் கையெழுத்தைப் பற்றிய பக்கத்தில், 'இது குறித்து வினவப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். அங்கேயும் சிவப்பு மை. அடித்துவிட்டு, 'நான் கேட்கவில்லை' என்று எழுதினேன்.